மாதிரியும் மனச்சான்றும்

காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் மனிதன் ஒரு நாளையும் கழிப்பதில்லை. மருத்துவர் உடலைத் திறந்து பாராமலே நோய் இன்னதென்று கூறுகிறார். நீதிபதி தாம் நேரில் காணாத குற்றத்திற்குத் தண்டனை வழங்குகிறார். ஆசிரியர் பிள்ளையின் நெஞ்சுக்குள் நுழைந்து பாராமலே, அவன் கூர்மையானவன் என்றோ மந்தமானவன் என்றோ ஏட்டில் எழுதிவிடுகிறார். இவர்கள் அனைவரும் செய்வது ஒன்றே. காணாத பொருளுக்கு ஓர் உருவத்தை அமைத்துக்கொள்கிறார்கள். அவ்வுருவத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்த உருவத்திற்கு 'மாதிரி' என்று பெயரிடலாம்.

மாதிரி வேறு, மூலப்பொருள் வேறு. மூலத்தில் உள்ள பலவற்றை விட்டுவிட்டுச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதே மாதிரி. அங்ஙனமாயின் அது பொய்யா? பொய்யெனில், அதை நம்பிப் பிறர் வாழ்வைத் தொடும் செயலில் இறங்குவது அறமாகுமா? இறங்கித்தான் ஆக வேண்டுமெனில், மாதிரியை அமைத்தவனுக்குரிய கடமை யாது? இவ்வினாக்களை ஆராய நான் தேர்ந்துகொண்ட இடம் தத்துவ நூல்களில் காணப்படாத ஓர் இடம். அது துறைமுக வாயிலின் அடித்தளம்.

மாணவன் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள ஓர் ஆற்றுமுகத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். மீன்பிடிப் படகுகள் வந்து செல்லும் சிறிய துறை அது. கடல் வற்றி முடியும் நேரம். தென்னை மட்டைகளும் நெகிழிப் புட்டிகளும் கடலை நோக்கி மிதந்து சென்றுகொண்டிருந்தன. படகின் விளிம்பில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், "ஐயா, மேலே தண்ணீர் கடலுக்குப் போகிறது. அடியிலும் அப்படித்தான் போகுமா?" என்று கேட்டான்.

'ஆம்' என்று சொல்ல வாயெடுத்தேன். படகோட்டி என்னை முந்திக்கொண்டார். "இல்லை தம்பி. இந்நேரம் அடியில் ஏற்றம் தொடங்கியிருக்கும். அடியில் விட்ட வலை உள்பக்கமாக இழுக்கும். மேலே நிற்கும் படகு வெளிப்பக்கமாக இழுக்கும். மேலே தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருக்கும் நான் அன்று வாயடைத்து நின்றேன். வீடு திரும்பிய பின் நூல்களைத் தேடிப் படித்தேன். படகோட்டி கூறியது முற்றிலும் உண்மை. அடித்தளத்தின் உராய்வால் கீழ்நீர் மெதுவாகவே ஓடுகிறது. மெதுவாக ஓடுவது முதலில் நின்று முதலில் திரும்புகிறது. மேலும், ஆற்றின் நன்னீர் இலேசானதாகையால் மேலே படர்ந்து வெளியேறுகிறது. கடலின் உப்புநீர் கனமானதாகையால் அடியில் ஊர்ந்து உள்ளே நுழைகிறது. ஒரே இடத்தில், ஒரே வேளையில், மேலே ஒரு திசை. கீழே வேறொரு திசை. மேற்பரப்பைக் கண்டு அடித்தளத்தை ஊகித்தால் நாம் தவறுவோம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

கடலடியில் நிகழ்வது

அலைகளின் நிலையும் அத்தகையதே. 10 மீட்டர் ஆழமுள்ள ஒரு துறைமுக வாயிலை எண்ணிக்கொள்வோம். அங்கே 2 மீட்டர் உயரமுள்ள இரு வகை அலைகள் வருகின்றன. ஒன்று அருகில் வீசும் காற்றால் எழுவது. 4 விநாடிக்கு ஒன்றாக வருவது. செங்குத்தாக நிமிர்ந்து, நுரை கக்கி, பார்ப்போரை அச்சுறுத்துவது. மற்றொன்று எங்கோ தொலைவில் வீசிய காற்றில் பிறந்து நெடுந்தூரம் கடந்து வருவது. 8 விநாடிக்கு ஒருமுறை மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்வது. இவ்விரண்டில் அடிமணலை மிகுதியாகக் கலக்குவது எது?

ஆர்ப்பரிக்கும் அலையே என்று நம் கண் சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது. ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கில அறிஞர் 1840-களில் வகுத்த அலைக் கோட்பாட்டின்படி, அலைக்குக் கீழே நீர் சுழன்று சுழன்று இயங்குகிறது. ஆழம் செல்லச் செல்ல அச்சுழற்சி சிறுத்துவிடுகிறது. அடியை நெருங்கும்போது தட்டையாகி, முன்னும் பின்னுமான வெறும் ஆட்டமாக முடிகிறது. குறுகிய அலையின் சுழற்சி விரைவில் மடிந்துபோகும். நீண்ட அலையின் சுழற்சி ஆழம் வரை செல்லும். மேற்கூறிய வாயிலில், நுரை கக்கும் அலை அடிநீரை விநாடிக்கு ஏறத்தாழ 0.25 மீட்டர் வேகத்திலேயே அசைக்கிறது. அமைதியாக வரும் நீண்ட அலையோ விநாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. மூன்று மடங்கு வேறுபாடு! ஆரவாரம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது; ஆழத்தை மாற்றுவது அமைதியாக வருவதே.

அலை மட்டுமே மணலை இடம்பெயர்த்துவிடுவதில்லை. அது மணலைத் தூக்குகிறது. ஆனால் முன்னும் பின்னுமாக ஆட்டுவதால் நெடுந்தொலைவு கொண்டுசெல்வதில்லை. நீரோட்டம் ஒரே திசையில் செல்கிறது. ஆனால் மெல்லிய நீரோட்டத்திற்கு மணலைத் தூக்கும் வலிமை இல்லை. இரண்டும் கூடும்போது, ஒன்று தூக்கிக் கொடுக்க மற்றொன்று சுமந்து செல்கிறது. துறைமுக வாயில் தூர்ந்து போவது இவ்வாறே. அப்படியாயின் அலையைத் தனியாகவும் நீரோட்டத்தைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டிவிடலாமே எனின், அதுவும் இயலாது. அலை அடித்தளத்தை ஒட்டிச் சில சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு கலங்கற்படலத்தை உண்டாக்குகிறது. அதன் மேலே செல்லும் நீரோட்டம், தரை முன்னைவிடக் கரடாகிவிட்டதுபோல் உணர்ந்து தடைபடுகிறது. 1979-இல் கிராண்ட், மேட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் இக்கூட்டுச் செயலுக்கு ஒரு கணக்குமுறையை வகுத்து வெளியிட்டனர். இரண்டு காரணங்கள் கூடினால் விளைவு வெறும் கூட்டுத்தொகையாக இராது என்பது கடலுக்கு மட்டும் உரிய உண்மையா?

சென்னை தந்த பாடம்

இவற்றையெல்லாம் அறிவதால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். தமிழர் நன்கறிந்த ஒரு கரையே அதற்கு விடை சொல்லும்.

முற்காலத்தில் சென்னையில் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. மக்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி, கரையில் மோதி உடையும் அலைகளைக் கடந்து வந்தனர். உயிரிழப்பும் பொருளிழப்பும் மிகுதி. ஆகவே கடலுக்குள் இரண்டு பெரும் அலைதடுப்புச் சுவர்களை நீட்டித் துறைமுகம் அமைக்கும் பணி 1876-இல் தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல், முடியும் நிலையில் இருந்த சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். வாயில் கிழக்கு நோக்கி இருந்தமையால் கடலலை நேரே உள்ளே புகுந்து கப்பல்களை அலைக்கழித்தது. 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் காலத்தில் அவ்வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது.

இவ்வளவும் துறைமுகத்தின் கதை. மணலின் கதை வேறு. அக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வருவதால், மணல் ஓயாது வடக்கு நோக்கி நகர்கிறது. தென்சுவர் அந்த மணல் ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது; இன்று நாம் வியந்து நோக்கும் மெரினாவின் அகலத்திற்கு அதுவும் ஒரு காரணம். வடக்கே இராயபுரத்தின் பக்கம், வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. எடுத்துச் செல்லும் அலையோ நிற்கவில்லை. கரை அரிக்கப்பட்டது. வீடுகளும் சாலையும் கடலுக்கு அஞ்சும் நிலை வந்தது. கருங்கல் சுவர் எழுப்பிக் கடலைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஸ்பிரிங் இந்த மணல் நகர்வை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அவர் எழுதியபோது சுவர் நின்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

துறைமுகத்தைக் கட்டியவர்கள் கொடியவர் அல்லர். மசூலாப் படகுகளில் மாண்டோரை எண்ணினால் அவர்கள் நன்மையே நாடினர் என்பதை மறுப்பார் இலர். எனினும் ஒரு பக்கத்து மக்களுக்கு அழகிய கடற்கரை கிடைத்தது; மறுபக்கத்து மீனவருக்கு நிலம் போயிற்று. திட்டம் வகுத்தவனின் மேசை ஓரிடத்தில் இருக்கிறது. பிழையின் விலையைச் செலுத்துவோரின் குடிசை வேறிடத்தில் இருக்கிறது. இவ்விடைவெளியில்தான் அறத்தின் கேள்வி பிறக்கிறது.

திரித்துச் சொன்ன உண்மை

கட்டிய பின் வருந்துவதைவிடக் கட்டுமுன் சிறிய அளவில் செய்து பார்த்தல் நன்று அன்றோ? மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இவ்வாறு எண்ணினார். லிவர்பூல் துறைமுகத்தின் நுழைவாயிலாகிய மெர்சி ஆற்றுமுகத்தை 1885-இல் ஒரு தொட்டிக்குள் அமைத்தார். நீளத்திலும் அகலத்திலும் அது மூலத்தில் ஏறத்தாழ 32,000-இல் ஒரு பங்கு. அடியில் மணலைப் பரப்பி, நீர் ஏறி இறங்கும்படி செய்தார். பன்னிரண்டரை மணி நேரத்தில் நிகழும் கடலின் ஏற்றமும் வற்றமும் அத்தொட்டியில் ஏறத்தாழ 40 விநாடிகளில் நிகழ்ந்தன. சமமாகப் பரப்பிய மணல், பல நூறு ஏற்றவற்றங்களுக்குப் பின், மெர்சியின் கால்வாய்களையும் மணல்மேடுகளையும் ஒத்த உருவத்தைத் தானே பெற்றது.

இங்கே உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆழத்தை அவர் 32,000 பங்காகக் குறைக்கவில்லை. ஏறத்தாழ 960 பங்காகவே குறைத்தார். அதாவது, தொட்டியின் ஆழம் இருக்க வேண்டியதைவிட 33 மடங்கு மிகுதி. ஏன்? ஆழத்தையும் அதே அளவில் குறைத்திருந்தால், 10 மீட்டர் நீர் 0.3 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். அத்தகைய ஈரப்படலம் கடல்போல் ஓடாது, மணலையும் நகர்த்தாது. மணற்பரலையும் அவர் அவ்வளவில் சிறிதாக்கவில்லை; ஆக்கியிருந்தால் அது மணலாக இராமல் ஒட்டிக்கொள்ளும் தூசியாகியிருக்கும். உருவத்தில் முற்றும் உண்மையாக இருந்திருந்தால், செயலில் அந்த மாதிரி முற்றும் பொய்யாகியிருக்கும். உருவத்தைத் திரித்தமையால்தான் அது உண்மையைச் சொல்லிற்று!

ஆகவே மாதிரி மூலத்தை அப்படியே ஒத்திராதது குற்றம் அன்று. வரைபடம் நாட்டின் அளவே இருந்தால் அதை விரிக்க இடமில்லை. குற்றம் எங்கே பிறக்கிறது? திரித்ததை மறப்பதில் பிறக்கிறது, மறைப்பதில் வளர்கிறது. ரெனால்ட்ஸ் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. எந்த அளவில் குறைத்தார் என்பதை எழுதிவைத்தார். மாதிரியை மேலும் சிறிதாக்கினால் எந்த எல்லைக்கப்பால் அது மூலத்தை ஒத்திராது என்பதையும் சோதித்து வகுத்தார். தம் கருவி எங்கே உண்மை சொல்லும் என்பதோடு, எங்கே சொல்லாது என்பதையும் கூறியவர் அவர். அறிஞனின் நேர்மைக்கு இதுவே இலக்கணம்.

மூன்று கடமைகள்

இன்று தொட்டிக்குத் துணையாகக் கணினி வந்துள்ளது. அது கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நீரின் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் பல மீட்டர் அகலமுடையது. மணலை எழுப்பும் படலமோ சில சென்டிமீட்டரே. ஆதலால் அப்படலத்தில் நிகழ்வதைக் கணினி நேரே காண்பதில்லை. அடித்தளத்தின் கரடுமுரடுக்கு ஓர் எண்ணை மனிதனே தேர்ந்து கொடுக்கிறான். விடை அழகிய வண்ணப்படமாக வெளிவருகிறது. அப்படத்தைக் காண்போர் பலர். அதனடியில் மறைந்திருக்கும் அந்த எண்ணைக் கேட்போர் சிலர்.

இந்நிலையில் இருவகையினர் பேசுவதைக் கேட்கிறோம். 'கணக்கெல்லாம் வீண், கடலறிந்த மீனவர் சொல்லே போதும்' என்பர் ஒரு சாரார். மீனவரின் அறிவு பெரிது. என் வாயை அடைத்ததும் அதுவே. ஆயினும் இதுவரை இல்லாத சுவர் ஒன்று எழுந்தபின் மணல் எப்படி நகரும் என்பதை அனுபவம் மட்டும் சொல்ல இயலாது. 'கணினி சொல்லிவிட்டது, அதற்குமேல் எவருக்கும் பொறுப்பில்லை' என்பர் மற்றொரு சாரார். இது முன்னதைவிடத் தீது. எண்ணைத் தேர்ந்தவன் மனிதன். எனவே பொறுப்பும் மனிதனதே.

மாதிரியை அமைப்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு என்பது என் துணிபு. முதலாவது, எதை விட்டுவிட்டான் என்பதை வெளிப்படச் சொல்லுதல். இரண்டாவது, மாதிரியை மூலத்தின் முன் மீண்டும் மீண்டும் நிறுத்திச் சோதித்தல். ஒரு பருவத்தில் கடலில் அளந்த அளவுகளுக்குப் பொருந்துமாறு எண்ணைத் திருத்திவிட்டு, 'அதே அளவுகளோடு பொருந்துகிறது, பாரீர்!' என்று காட்டுவது சோதனை ஆகாது. வேறொரு பருவத்தின் அளவுகளோடும் அது பொருந்த வேண்டும். தேர்வில் வரும் கேள்விகளையே முன்னாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் அனைவரும் தேறிவிட்டனர் என்று மகிழும் ஆசிரியரை நாம் போற்றுவோமா?

மூன்றாவது கடமை மிகவும் அரிது. பிழை நேர்ந்தால் அதன் விலையைச் செலுத்தப் போகிறவர் யார் என்று முன்னரே கேட்டு, அவர் சொல்லுக்கும் செவி கொடுத்தல். துறைமுகத்தின் வடக்கே வாழ்பவன் திட்டத்தின் படத்திலேயே இல்லாதிருக்கலாம். அவனையும் படத்திற்குள் கொண்டுவருவது கணக்கின் வேலை அன்று, மனச்சான்றின் வேலை.

நம் கையிலுள்ள மாதிரிகள்

இனி நம்மிடம் வருவோம். ஆசிரியராகிய நாம் கடலை அளப்பதில்லை, பிள்ளைகளை அளக்கிறோம். மதிப்பெண் ஒரு மாதிரி. ஆண்டறிக்கையில் நாம் எழுதும் ஒரு சொல் ஒரு மாதிரி. 2021-இல் கைவிடப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வு, ஆறாண்டுக் கல்வியைச் சில எழுத்துகளில் அடக்கிய மாதிரியாக இருந்தது. இவையின்றிப் பள்ளி நடத்தல் அரிது. ஆனால் நாம் விட்டுவிட்டவை எவை என்று நமக்குள்ளேனும் சொல்லிக்கொண்டோமா?

அன்று என் வாயை அடைத்த அந்தப் படகோட்டியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அவர் என் பழைய மாணவர். 1996-இல், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த சில ஆண்டுகளில், அவருடைய வகுப்பாசிரியனாக இருந்தேன். வகுப்பில் ஓயாது தூங்குவார். கேட்டதற்கு விடை வராது. ஆண்டறிக்கையில் 'ஊக்கமற்றவன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் இரவில் தந்தையோடு வலை இழுக்கச் சென்றார் என்பதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஏற்றமும் வற்றமும் வரும் நேரங்களைப் பன்னிரண்டு வயதிலேயே மனத்தில் வைத்திருந்த பிள்ளையை, கணக்கு வராதவன் என்று கடைசி வரிசையில் அமர்த்தினேன். இடைநிலைப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்துவிட்டுக் கல்வியை விட்டார் என்று பின்னர் அறிந்தேன். என் ஒரு சொல்லால்தான் அது நேர்ந்தது என்று கூற மாட்டேன். அலையும் நீரோட்டமும் போல் பல காரணங்கள் கூடியிருக்கும். ஆனால் அவற்றுள் என் சொல்லுக்குப் பங்கில்லை என்று கூறவும் என் நெஞ்சு துணியவில்லை.

படகிலிருந்து இறங்கும்போது அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். "நினைவிருக்கிறது ஐயா. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் அறிக்கையை அவருக்குப் படித்துக் காட்டினேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று முதல் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளேன். பிள்ளையைப் பற்றி ஆண்டறிக்கையில் குறை எழுதும் ஆசிரியர், எழுதுமுன் அப்பிள்ளையிடமும் அவன் வீட்டாரிடமும் ஒருமுறையேனும் பேசியிருக்க வேண்டும். இதனால் அறிக்கைகள் முடியச் சில நாள் தாமதமாகின்றன. சில ஆசிரியர்கள் முணுமுணுக்கவும் செய்கின்றனர். தாமதம் ஆகட்டும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், ஆழம் அறியாமல் பேனாவை ஊன்றலாமா?

காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் நாம் வாழ இயலாது. மாதிரிகளை அமைத்தே தீர வேண்டும். ஆனால் அமைத்த மாதிரியை மூலமென்று நம்பிவிடாதிருக்க நம்மால் இயலும். மேற்பரப்பு கடலை நோக்கி ஓடும் அதே நேரத்தில், அடியில் ஏற்றம் தொடங்கியிருக்கலாம். வகுப்பில் தூங்கும் பிள்ளையைக் காணும்போதெல்லாம் இதை நாம் நினைவிற்கொள்வோமாக.